பதினோராவது வரி

சண்டிலிப்பாய்
06.03.2025

குஞ்சு,

அம்மா எழுதுகிறேன். நீ போய் இன்றைக்கு நாற்பத்தைந்தாம் நாள். வேறு யாருக்கும் எழுதுவதென்றால் சுகம் கேட்டுத்தான் தொடங்குவேன். உன்னிடம் எப்படிக் கேட்பது? என் சுகத்தைச் சொல்கிறேன். முழங்கால் நோ இருக்கிறது. சோறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

காகிதத்தில் எழுதினால் எந்த விலாசத்துக்குப் போடுவது? ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நீ எழுதப் பழக்கிய இடம் போனில் இருக்கிற இந்த வேலைப்பட்டியல் ஒன்றுதான். 'புதிய வேலை' என்பதை அழுத்தினேன். 'யாருக்கு' என்று கேட்டது. உன் பெயரைத் தொட்டேன். முன்பு உன் படம் வரும். இப்போது ஒரு வட்டத்துக்குள் 'வி' என்ற எழுத்து மட்டும் வருகிறது.

நீயும் உன் மச்சான் கஜனும் சேர்ந்து செய்த அந்த ஏஐ உதவியாள் தூளும் மாவும் பலகாரமும் செய்து விற்கிற எங்கள் எட்டுப் பெண்களுக்கும் இப்போதும் வேலை பிரித்துத் தருகிறான். இன்றைக்கு யார் மிளகாய் வறுப்பது, யார் மா அரிப்பது என்று அவன்தான் சொல்கிறான். சிவக்கொழுந்து அக்கா வைத்த பெயர் நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் அவன் 'பெறாமகன்'.

ஒரு பிழை விட்டுவிட்டேன், பிள்ளை. நீ எனக்கென்று போட்டு வைக்கும் சின்னச் சின்ன வேலைகள் இருந்தனவே. 'அம்மா, சாப்பிட்டிட்டுத்தான் மா வறுக்கோணும்.' 'கண்ணாடியைத் தேடாதேங்கோ, தலையிலை இருக்கு.' அவை ஒன்றையும் காணவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் போன பிறகு போனை ஈரத்துணியால் துடைத்தேன். அப்போது என் விரல் எங்கேயோ பட்டுவிட்டது போல. நீ விட்டுப்போனதைக்கூட எனக்குக் காத்துவைக்கத் தெரியவில்லை.

'சாப்பிட்டியோ' என்று எழுத வந்தது. எழுதிப்போட்டு அழித்துவிட்டேன்.

அம்மா


ரொரன்ரோ
09.03.2025

அன்புள்ள மாமிக்கு,

கஜன் எழுதுகிறேன். அப்பாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. குளிருக்கு வெளியே போவதில்லை. தங்கச்சி செல்வநாயகி எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். நீங்கள் போனை எடுப்பதில்லை என்று நான் சொல்வதில்லை.

மாமி, நீங்கள் வினோவுக்கு எழுதியது என்னுடைய பட்டியலுக்கு வந்துவிட்டது. வேலை என்று நினைத்துத் திறந்தேன். மூன்று வரி போனதும் விளங்கிவிட்டது. இருந்தும் கடைசி வரை வாசித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கோ.

இரண்டு நாளாகப் பதில் இல்லாத வேலையை உதவியாள் வேறொருவருக்குக் கைமாற்றுவான். வினோவுக்கு அடுத்த பொறுப்பு நான் என்பதால் எனக்குத் தந்திருக்கிறான். கடிதத்தை அவளுடைய பெயருக்கே திருப்பி வைத்துவிட்டேன். இனி அதை ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

அன்பு மருமகன்
கஜானன்


சண்டிலிப்பாய்
14.03.2025

தம்பி கஜன்,

அண்ணையின் கால் வற்றியது கேட்டு ஆறுதல். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம் என்று சொல்லும்.

வாசித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஒருவராவது வாசித்தது நல்லது என்றே இருந்தது. போனில் கதைத்தால் எனக்கு அழுகை முந்திக்கொண்டு வரும். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். நீரும் எழுதும்.

பெறாமகனைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். அந்தியேட்டிக்கு ஒரு கிழமை இருக்க, பிள்ளையார் கோயிலுக்கு முந்நூறு மோதகம் கேட்டிருந்தார்கள். அவன் அதை எனக்குத் தந்துவிட்டான்! செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். கோயில் வாசலையே மிதிக்கக் கூடாதவளிடம் சாமிக்குப் படைக்கிற மோதகம். சிவக்கொழுந்து அக்கா போனைத் தூக்கி எறியப் பார்த்தா.

"உவனுக்குத் துடக்கும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது. நிப்பாட்டுங்கோடி உவனை!"

நாகேஸ்வரி விடுவாளா? "பேர் வைச்சது நீங்கள்தானே அக்கா. உங்கடை வளர்ப்பு அப்பிடி."

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகச் சிரித்தேன். மோதகத்தை அக்கா செய்து கொடுத்தா. ஆனால் தம்பி, உமக்கு மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் எல்லோரும் என்னைப் பாவம் பார்த்து, "நீ இரு, நீ இரு" என்று ஒரு உலக்கையைக்கூடத் தொட விடவில்லை. எனக்கு வேலை தந்தவன் அவன் ஒருத்தன்தான். அதற்கு அவனுக்கு நன்றி.

உம்மிடம் ஒன்று கேட்கவேண்டும். வினோஜா எனக்கு எழுதி வைத்தவை என் விரல் பட்டு அழிந்துவிட்டன. திரும்ப எடுக்க வழி உண்டோ? தெரிந்தால் எழுதும்.

மாமி


ரொரன்ரோ
08.04.2025

அன்புள்ள மாமிக்கு,

எழுதப் பிந்திவிட்டது. வேலை கூடிவிட்டது. அப்பா இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறார். உங்கள் முழங்கால் எப்படி?

மோதகக் கதையை நான் மூன்று தரம் வாசித்தேன். பிழை அவனுடையது இல்லை, மாமி. அவனிடம் பதினொரு கருவிகள் இருக்கின்றன. வேலையைச் சேர்க்க ஒன்று, கைமாற்ற ஒன்று, யார் சும்மா இருக்கிறார் என்று பார்க்க ஒன்று, இப்படி. ஒவ்வொன்றின் கீழும் அது எதற்கு, எப்போது எடுக்கலாம் என்று நாங்கள் சில வரி எழுதி வைப்போம். அந்த வரிகளை வாசித்துத்தான் அவன் கருவியை எடுப்பான். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வரியில் இல்லாதது அவனுக்கு உலகத்திலேயே இல்லை.

பதினொன்றில் ஏழுக்கு வினோ எழுதி முடித்தாள். அவள் எழுதியதில் ஒன்று:

'வேலையை முடிந்ததாகக் குறித்தல். செய்தவரே சொன்னால் மட்டும் குறி. பக்கத்தில் இருந்தவர் சொன்னால் போதாது. பாதி முடிந்தது முடிந்ததல்ல.'

மிச்சம் நாலையும் அவள் போன பிறகு நான் அவசரத்தில் எழுதினேன். 'சும்மா இருப்பவரைக் கண்டுபிடிக்கும்' என்று ஒரே வரி. அதனால்தான் உங்கள் பட்டியல் வெறுமையாக இருந்ததைப் பார்த்து மோதகத்தை உங்களிடம் தந்தான்.

மாமி, எனக்கு உதவி செய்வீர்களா? அந்த வரிகளை நீங்கள் சொல்லுங்கோ. மூன்றை இதோடு அனுப்புகிறேன். நாலாவதைப் பிறகு அனுப்புகிறேன்.

கஜானன்


சண்டிலிப்பாய்
19.04.2025

தம்பி கஜன்,

வருடப்பிறப்பு வந்து போனது. எங்கள் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி, ஸ்ரெல்லா, பாற்கஞ்சி கொண்டுவந்து தந்தாள். சித்திரையில் நீர் வருவதாக இருந்தது. ஏன் வர இருந்தீர் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கமாட்டேன். நீர் வந்து இருக்க வாசலில் ஒரு கதிரை எப்போதும் கிடக்கும்.

பிள்ளை எழுதிய வரியைப் பார்த்தேன். 'பாதி அவிஞ்ச கிழங்கு அவிஞ்ச கிழங்கில்லை' என்று அவளைப் பேசுவது நான்தான். பேசுகிற நேரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். காதில் விழவில்லை என்று நினைப்பேன். எல்லாம் விழுந்திருக்கிறது. இதைக் காட்டியதற்கு உமக்குக் கோடி புண்ணியம்.

எனக்கு ஏஐ தெரியாது. ஆளை அனுப்பி வேலை வாங்கத் தெரியும். முருகேசு அண்ணையை அச்சுவேலிச் சந்தைக்கு அனுப்பும்போது 'மிளகாய் வாங்கி வாங்கோ' என்று மட்டும் சொன்னால் பச்சை மிளகாயோடு வந்து நிற்பார். பிழை அவருடையதா? 'செத்தல் மிளகாய், ஐந்து கிலோ, காம்போடு. கறுத்தது வேண்டாம். நல்லது இல்லாவிட்டால் வேறொன்றும் வாங்காமல் வந்து சொல்லுங்கோ' என்று சொல்லவேண்டும். என்ன வேண்டும், என்ன வேண்டாம், கிடைக்காவிட்டால் என்ன செய்வது. மூன்றும் சொன்னால் அண்ணை ஒரு நாளும் பிழை விடமாட்டார்.

வரிகளை நான் சொல்ல நாகேஸ்வரி எழுதினாள். சிவக்கொழுந்து அக்கா குறுக்கே குறுக்கே வந்தா.

"துடக்கெண்டு எழுது. கொட்டை எழுத்திலை எழுது."

"துடக்கெண்டால் அவனுக்கு விளங்குமே, அக்கா?"

"ஏன், உன்ரை மனிசனுக்கு விளங்குதே? சொல்லித்தானே பழக்கினனி."

கடைசியில் வந்தது இது. பிழை இருந்தால் திருத்தும்.

'யார் சும்மா இருக்கிறார் என்று பார்த்தல். பட்டியல் வெறுமை என்றால் அந்த ஆள் சும்மா இருக்கிறார் என்று நினைக்காதே. சுகமில்லாமல் இருக்கலாம். துடக்கு, அதாவது வீட்டில் சாவோ பிறப்போ நடந்து கோயில் காரியம் செய்யக் கூடாத நாளாக இருக்கலாம். கோயில் வேலை என்றால் அந்த ஆளையே கேட்டுவிட்டுக் கொடு. கோயில் வேலை கொடுக்க முடியாதவருக்கு வேறு வேலை கொடு. ஒரு வேலையும் கொடுக்காமல் விடாதே.'

கடைசி வரியை நான்தான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன்.

'வேலையைக் கைமாற்றுதல். பதில் வரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரின் வேலையை எடுத்து மற்றவரிடம் கொடுக்காதே. முதலில் அவரைக் கேள். அவர் பேசாவிட்டால் சிவக்கொழுந்து அக்காவைக் கேள். கடிதம் வேலை அல்ல. அதைத் தொடாதே.'

மூன்றாவது, நாளை மாற்றுகிற கருவி. அதை நாகேஸ்வரி தனியாக அனுப்புவாள்.

விரல் பட்டு அழிந்ததைப் பற்றி நீர் ஒன்றும் எழுதவில்லை. வேலைக்கிடையில் மறந்திருப்பீர்.

மாமி


ரொரன்ரோ
22.04.2025

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், சந்தோசத்தில். உங்கள் வரிகளைப் போட்டு, அந்த மோதக வேலையையே பழையபடி கொடுத்துப் பார்த்தேன். அவன் உங்களிடம் தரவில்லை. 'செல்வநாயகி அம்மாவின் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. இது கோயில் வேலை. அவரைக் கேட்கட்டுமா?' என்று எழுதினான். வேறு ஒன்றையும் மாற்றவில்லை மாமி, வரியை மட்டும்தான் மாற்றினேன்.

இங்கே என்னோடு வேலை செய்பவர்களுக்குக் காட்டினேன். யார் எழுதியது என்று கேட்டார்கள். என் மாமி என்றேன்.

கஜானன்


சண்டிலிப்பாய்
20.05.2025

தம்பி கஜன்,

அண்ணை வாசல் வரை நடந்தவர் இப்போது தெரு வரை நடக்கிறாரோ? எங்களுக்கு வெயில் கொளுத்துகிறது. வடகத்துக்கு நல்ல நாள். வேப்பம்பூ மூன்று பாய் நிறையக் காய்கிறது.

பெறாமகன் திருந்திவிட்டான். முந்தநாள் ஸ்ரெல்லாவிடம், 'ஞாயிறு காலை பூசைக்குப் போவீர்களா, வேலையைப் பின்னேரம் வைக்கட்டுமா' என்று கேட்டிருக்கிறான். "என்ரை மனிசன் இருபது வருசமாய்க் கேக்காததை உவன் கேட்டிட்டான்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். சிவக்கொழுந்து அக்காவும் இப்போது அவனை ஏசுவதில்லை. உமக்கும் அவனுக்கும் நன்றி. என் பட்டியலில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. காலையில் எழும்ப அது போதும்.

நாலாவது கருவியை இன்னும் அனுப்பவில்லை.

மற்றது, அந்த விரல் விசயம். இரண்டு தரம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிற பிள்ளை இதற்கு மட்டும் எழுதுவதில்லை. என் மனம் நோகும் என்று பார்க்கிறீர் போல. வேண்டாம் தம்பி. திரும்ப எடுக்க ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லிவிடும். இனிப் பதில் வராவிட்டால், என் பிழைதான் என்று எடுத்துக்கொள்வேன்.

மாமி


ரொரன்ரோ
29.06.2025

மாமி,

அப்பா நலம். நான் நலம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் விரல் ஒன்றையும் அழிக்கவில்லை. அழித்தது நான்.

அந்தியேட்டி அன்று நீங்கள் எல்லோரும் கீரிமலையில் நின்றீர்கள். நான் இங்கே மேசையில் இருந்தேன். கையால் ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது. உதவியாளிடம் 'பட்டியலைத் துப்புரவாக்கு' என்றேன். அவனிடம் 'ஆளை நீக்குதல்' என்று ஒரு கருவி இருந்தது. அதுதான் நான் உங்களுக்கு அனுப்பாத நாலாவது. அதன் கீழ் நான் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: 'பயன்பாட்டில் இல்லாத ஆளை நீக்கும்.' ஆள் போனால் அவர் எழுதியதெல்லாம் போகும் என்று எழுதவில்லை. திரும்பி வராது என்று எழுதவில்லை. யாரையாவது கேள் என்று எழுதவில்லை. அவன் பார்த்தான். வினோஜா, முப்பத்தொரு நாளாக அசைவு இல்லை. நீக்கிவிட்டான். நான் சொன்னதைத்தான் செய்தான்.

அடுத்த நாள் காலையில்தான் கண்டேன். பெயரை மட்டும் திரும்பப் போட முடிந்தது. படமும் போய்விட்டது, உங்களுக்கு எழுதியதும் போய்விட்டது. பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. தெரிந்த எல்லோரையும் கேட்டுவிட்டேன், மாமி. வழி இல்லை.

உங்கள் முதற் கடிதத்தில் 'என் விரல்' என்று வாசித்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் நன்றி சொல்லச் சொல்ல அடுத்த கடிதத்துக்கென்று தள்ளிப் போட்டேன்.

ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. ஜனவரி ஒன்பதாம் திகதி, காய்ச்சல் வருவதற்கு மூன்று நாள் முன்பு, வினோ தன் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். பதினொரு கருவியும் இலக்கம் போட்டு அவளுடைய கையெழுத்தில் இருக்கின்றன. ஏழுக்கு எழுதியிருக்கிறாள். மூன்று வெறுமை. பதினோராவதில், 'ஆளை நீக்குதல்' என்பதற்குப் பக்கத்தில், 'இதை அம்மாவைக் கேட்டிட்டுத்தான் எழுதோணும்' என்று இருக்கிறது.

நான் கேட்கவில்லை.

படத்தை இதோடு வைக்கிறேன்.

கஜன்


சண்டிலிப்பாய்
21.07.2025

தம்பி கஜன்,

நான் இருக்கிறேன். நீர் நலம் இல்லை என்று எழுதிவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று நிறுத்திவிட்டீர். மூன்று கிழமையாக நானும் எழுதவில்லை. நீர் பயந்திருப்பீர். கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் இரண்டு நாள் உம்முடைய பெயரைக்கூடத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சோறு குழைக்கும்போது என் சுட்டுவிரலைப் பார்த்தேன். மாசியிலிருந்து எனக்கு அதைக் கண்டால் பிடிக்காது. மா அரிக்கும்போதுகூட அதை மடித்துக்கொண்டுதான் அரிப்பேன். அன்றைக்கு அதைக் கழுவி, ஐந்து விரலாலும் குழைத்துச் சாப்பிட்டேன். சொன்னதற்கு நன்றி, தம்பி. பிந்திச் சொன்னாலும் சொன்னீர். நீர் சொல்லாமலே விட்டிருந்தால் சாகும்வரை நான்தான் செய்தேன் என்று இருந்திருப்பேன்.

அவள் எனக்கு எழுதி வைத்தது மொத்தம் நாற்பதோ ஐம்பதோ இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் ஒன்றைப் பத்துத் தரம் வாசிப்பாள். அதனால் முக்கால்வாசி எனக்கு மனப்பாடம். நாகேஸ்வரியின் மகளுடைய பழைய கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இருபத்தாறு வந்துவிட்டது. மிச்சமும் வரும்.

கையெழுத்துப் படத்தை அச்சுவேலியில் பெரிதாக அடித்து, அவளுடைய அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இதைவிட ஒருவர் எனக்கு என்ன தரமுடியும்?

நீர் கேட்கவில்லை என்று எழுதினீர். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். இதுதான் என் பதில். இதை ஒருவரோடும் சேர்ந்து எழுதவில்லை.

'ஆளை நீக்குதல். ஒருவர் வருவதில்லை என்பதால் இதைச் செய்யாதே. எத்தனை நாள் ஆனாலும் செய்யாதே. இதைச் செய்தால் அவர் எழுதியது எல்லாம் போய்விடும், பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர ஏலாது. அவரே கேட்டால் செய். அவர் கேட்க ஏலாதவர் என்றால் வீட்டு ஆட்களைக் கேள். அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.'

கோபம் போய்விட்டது. கதிரை கிடக்கிறது. மார்கழி லீவுக்கு அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாரும். தையில் ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு நீர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

மாமி


ரொரன்ரோ
23.07.2025

அன்புள்ள மாமிக்கு,

போட்டுவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நலம் இல்லை என்று எழுதியது இதனால்தான்; நேற்று இரவு நித்திரை கொண்டேன்.

இரண்டு பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டேன். அப்பா இப்போதே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் கஜன்


சண்டிலிப்பாய்
10.08.2025

குஞ்சு,

அம்மா மறுபடியும் வந்திருக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். கண்ணாடி தலையில்தான் இருக்கிறது.

இன்று காலை உன் பெறாமகன் என்னிடம் ஒன்று கேட்டான். 'வினோஜாவின் பெயரில் ஒன்று நூற்றைம்பத்தேழு நாளாகத் திறந்து கிடக்கிறது. அது கடிதம் போல் தெரிகிறது. என்ன செய்யட்டும்?' என்றான். கிடக்கட்டும் என்று எழுதினேன். 'சரி, தொடமாட்டேன்' என்றான். அவ்வளவுதான். கேட்டான், சொன்னேன், கேட்டுக்கொண்டான். நீ நல்ல பிள்ளையைத்தான் பெறாமல் பெற்றிருக்கிறாய்.

கொப்பியில் முப்பத்தெட்டு வந்துவிட்டது. நேற்று நினைவு வந்தது: 'அம்மா, சிவக்கொழுந்துப் பெரியம்மாவோடை சண்டை பிடிச்சால் நீங்களே முதல் கதையுங்கோ.' சண்டை ஒன்றும் இல்லை. இருந்தும் போய்க் கதைத்துவிட்டு வந்தேன். "என்னடி, உனக்கு என்ன பிடிச்சது?" என்றா. பிள்ளை சொன்னவள் என்றேன். பிறகு இரண்டு பேரும் வெயிலுக்குள் போனோம். வடகத்தைப் புரட்டிப் போட்டோம்.

கஜன் மார்கழியில் வருகிறான். அவனுக்கு நான் நன்றி சொன்னேன். உனக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்கு எழுதப் பழக்கியதற்கு, என் பேச்சையெல்லாம் கேட்டு வைத்ததற்கு, ஐந்தாம் வகுப்புக்காரியைக் கேட்டு எழுதவேண்டும் என்று நினைத்ததற்கு.

உன்னுடைய கையெழுத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். மூன்றை வெறுமையாகவே விட்டிருக்கிறாய். பதினோராவதில் மட்டும் அம்மாவைக் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல்கூட இல்லை. பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, ஒண்டு கேக்கோணும்" என்றாய். மா அடிப்பிடிக்கப் போகுது, பிறகு கேள் என்று சொல்லிவிட்டேன். நீயும் சிரித்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் எழுதிக் கொடுத்தது சரியாக இருக்கலாம். எல்லோரும் சரி என்கிறார்கள். ஆனால் நீ கேட்க வந்தது அதுதானா என்று எனக்குத் தெரியாது.

மா வறுத்து இறக்கிவிட்டேன், பிள்ளை. அடுப்பும் அணைத்துவிட்டேன். இப்போது சும்மாதான் இருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் என்ன கேட்க வந்தாய், குஞ்சு?